இரண்டாவது எதற்கு?

மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த அறைக்காரி வந்து கதவைத் தட்டி, "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதனால் இனிமேல் கடிதம். எழுதி, மடித்து, உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்பது என் கணக்கு. மீதிப் பாதியை இதோ எழுதுகிறேன்.

அப்பா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, தையலும் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சொல்கிறாய். அதுவும் பல்பு ஃப்யூஸ் போச்சு, மாத்திட்டேன் என்கிற குரலில். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டால், "நான்தான் இருக்கேனே, நீ வந்து என்னடி பண்ணப்போற?" என்கிறாய். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் கத்தினேன். வைத்துவிட்டு, புதன்கிழமை வரை லேபுக்கே போகாமல் படுத்துக் கிடந்தேன்.

இரண்டு பெண்களில் ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள் என்றால், இன்னொருத்தி எதற்கு? வீட்டு போட்டோவில் ஆள் கணக்குக்கா?

சிரிக்காதே, இதே கேள்வியைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஈஸ்டிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரொட்டி மாவைப் புளிக்க வைக்குமே, அந்த ஈஸ்ட். அதனிடம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு ஜீன் இருக்கிறது. உள்ளே வரும் சாப்பாட்டை எரிபொருளாக மாற்றுவதில் ஒரு படி அவற்றின் வேலை. முதலாவதை வெட்டி எடுத்தால் செல் கொஞ்சம் முனகும், பிறகு இரண்டாவதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். இரண்டையும் எடுத்தால் செத்துப்போகும். இரண்டாவதை மட்டும் எடுத்தால் ஒன்றுமே ஆகாது. ஜம்மென்று வளரும். அப்புறம் அது எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால், எங்கள் புரொபசர், அதான் உயரத்துக்காக நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவர், "அது ஸ்டெப்னி, அவ்வளவுதான், எழுதி முடி" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷத்தோடு என் ஆராய்ச்சி முடிகிறது. இன்னும் தள்ளி, இரண்டு விமானம் மாறிப் போகிற தூரத்தில், ஐந்து வருஷ வேலை ஒன்று வந்திருக்கிறது. மே முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போய்விட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை வருவதே பெரிய விஷயம்.

நான் இல்லாததால் நம் வீட்டில் நடக்காமல் போன ஒன்றைச் சொல். ஒன்றே ஒன்று போதும். சொன்னால் கையெழுத்துப் போட மாட்டேன். இல்லையென்றால் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

வாலு


மார்ச் 13

வாலு,

கடிதம் வந்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில் தவிர வேற ஒண்ணு உங்க வீட்டுக்கு வர்றதே இப்பதான் பாக்கறேன்" என்றார். நான் எட்டு மணி நேரம் பம்ப் ஹவுஸில் ஊருக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு வந்து, சமைத்து, அப்பாவுக்கு உடற்பயிற்சி செய்ய வைத்து, அதற்குப் பிறகு கையால் கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு மகாராணி உத்தரவு போட்டிருக்கிறாள் என்று அவரிடம் சொல்லவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். நீ கேட்டதை நியாயமாக யோசித்துப் பார்த்தேன். மாத்திரை வேளாவேளைக்குப் போகிறது. வாடகை, பேங்க், டாக்டர் எல்லாம் நடக்கிறது. அப்பா கைத்தடியோடு தெருமுனை வரைக்கும் போய், அங்கே நிற்கிற பஸ் டிரைவர்களிடம் எப்படி ஓட்ட வேண்டும் என்று வகுப்பெடுத்துவிட்டு வருகிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், வாய் சும்மா இருக்குமா. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது.

ஆகவே பதில்: ஒன்றும் இல்லை. நீ இல்லாததால் எதுவும் நின்றுபோகவில்லை. இதை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது என்பதையும் ஒரு தகவலாகச் சேர்த்துக்கொள். ஆனாலும் பதில் அதுதான்.

உன் ஈஸ்ட் சமாசாரம்தான் எனக்குப் புரியவில்லை. ஒட்டகம் சொல்வதில் என்ன தப்பு? எங்கள் பம்ப் ஹவுஸில் இரண்டு பம்ப் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் லாரியில் வந்து இறங்கியவை. ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று ஓடட்டும் என்றுதான் வாங்கினார்கள். இயற்கையும் அப்படி முன்ஜாக்கிரதையாக ஒன்றை வைத்திருக்கக் கூடாதா? அதற்கு ஏன் உனக்கு மனசு ஒப்பவில்லை? கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் விளக்கு. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

"ஒன்றும் இல்லை." படித்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரிந்துதான் உன்னிடம் கேட்டேன், அதனால் உன்னைத் திட்ட வழியில்லை. வேலைக் காகிதம் மேஜை மேலேயே இருக்கிறது, அதன் மேல் காபி டம்ளர் வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, ஈஸ்டுக்கு வா. உங்கள் ஆட்கள் பம்ப் வாங்கும்போது நாளைக்கு என்ன ஆகுமோ என்று யோசித்தார்கள். இயற்கைக்கு நாளை என்று ஒன்று கிடையாது. அது அன்றன்றைக்கு வாழ்கிறது. மழை வந்தால் உதவும் என்று குடை எடுத்து வைக்க அங்கே யாருமில்லை.

ஒரு ஜீன் என்பது எழுதி வைத்த செய்முறை என்று வைத்துக்கொள். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் அதை முழுக்கப் பார்த்துப் பார்த்து எழுதுகிறது. அப்படி எழுதும்போது எப்போதாவது ஒரு எழுத்துப் பிசகும். பயன்படுகிற செய்முறையில் பிசகினால் அந்தச் செல் இளைத்துப்போகும், அதன் பிள்ளை குட்டிகள் பின்தங்கி ஒழிந்துபோகும். அதனால் பயன்படுகிற ஜீன் சுத்தமாகவே இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு யாரும் அதைக் காவல் காக்க வேண்டியதில்லை. பயன்படாத ஜீனில் பிசகினால்? யாருக்கும் வலிக்காது. அந்தப் பிசகு அப்படியே தங்கும். அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் படிக்கவே முடியாத குப்பையாகிவிடும். நம் உடம்பில்கூட இப்படிச் செத்துப்போன ஜீன்கள் ஏராளமாகக் கிடக்கின்றன.

ஈஸ்டின் பாட்டன் முப்பாட்டன் காலத்தில், பல கோடி வருஷத்துக்கு முன்னால், மொத்த ஜீன்களும் ஒரே சமயத்தில் இரட்டிப்பாகிவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரு நகல். அந்த நகல்களில் பெரும்பாலானவை காணாமல் போய்விட்டன, பத்தில் ஒன்று போலத்தான் மிஞ்சியிருக்கிறது. நான் பார்க்கிற ஜோடி அந்த மிச்சத்தில் ஒன்று. தண்டச்சோறு சாப்பிடுகிற ஜீன் என்றால் இத்தனை கோடி வருஷத்தில் அது செத்திருக்க வேண்டும். சாகவில்லை. எழுத்துப் பிசகாமல் பளிச்சென்று இருக்கிறது. அப்படியென்றால் அது எங்கேயோ, எப்போதோ, யாரும் பார்க்காத நேரத்தில் ஏதோ வேலை செய்கிறது. எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சிய நகல்களுக்குப் பல காரணம் சொல்கிறார்கள். சில ஜோடிகள் அளவுக்காக மிஞ்சின. கூட்டம் அதிகமுள்ள ஆபீஸில் இரண்டு கவுண்டர் திறந்து வைப்பது போல. சிலவற்றில் ஒரு நகல் தற்செயலாகப் பிசகிப் புது வேலை ஒன்றைக் கற்றுக்கொண்டது. சில ஜோடிகள் பழைய வேலையையே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. என்னுடையது இதில் எதிலும் சேரவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் புதுச் சர்க்கரைக் கரைசலுக்கு மாற்றி, இதமான சூட்டில் ஆட்டிக்கொண்டே வைத்து, ஒரு குழந்தையைப் போல வளர்த்துப் பார்த்துவிட்டேன். இரண்டாவது ஜீன் இருக்கிற ஈஸ்டும் இல்லாத ஈஸ்டும் ஒரே வேகத்தில் வளர்கின்றன. இந்த மாதிரியே போனால் ஆய்வேட்டில் "ஸ்டெப்னி" என்று எழுதிவிட்டு, அது பொய் என்று தெரிந்தே பட்டம் வாங்க வேண்டும்.

வாலு


ஏப்ரல் 5

வாலு,

நீ சின்ன வயதில் கேள்வி கேட்டே எங்கள் உயிரை வாங்கினாய், இப்போது அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். நல்ல உலகம்.

உன் கடிதத்தை சாப்பாட்டு நேரத்தில் பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து படித்தேன். பயன்படாதது செத்துப்போகும் என்று எழுதியிருந்தாயே, அது எனக்குப் படித்தவுடனே பிடிபட்டது. ஸ்டாண்ட்பை பம்பைச் சும்மா நிறுத்தி வைத்தால் அதுவும் அப்படித்தான். ஷாஃப்ட் இறுகிப்போகும், சீல் காய்ந்து வெடிக்கும். அவசரத்துக்குப் போட்டால் முக்கிவிட்டு நின்றுவிடும். அதனால்தான் அடிக்கடி இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஓடாத ஸ்டெப்னி ஸ்டெப்னியே இல்லை. ஒட்டகத்திடம் நான் சொன்னதாகச் சொல்.

ஆனால் என் நிலைமை உனக்கு நேர் எதிர். உனக்கு இரண்டாவது எதற்கு என்று தெரியாமல் தூக்கம் போகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது: எங்கள் இரண்டாவது எதற்கும் இல்லை. அதைக் கழற்றிவிடலாம் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதி வைத்திருக்கிறேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துத்தான் எழுதினேன். டிசம்பரில் மூடியதைப் பிப்ரவரி முடிந்துதான் திறந்தோம். குளிர் மாதங்கள் முழுக்க ஒற்றைப் பம்பில் ஊரே குளித்தது, ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. என் அதிகாரி சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன என்று எழுதியிருந்தாய். யார் பிரித்துக் கொடுத்தது? ஆபீஸில் ஒரு வேலையை இரண்டு பேருக்குப் பிரிக்க எத்தனை மீட்டிங், எத்தனை முறைப்பு என்று எனக்குத் தெரியும். ஜீனுக்கு மூளை கிடையாது, மீட்டிங்கும் கிடையாது. பிறகு எப்படி? இதை யோசித்து யோசித்து, நேற்று அப்பாவின் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

இன்னொன்று. இந்தத் தடவை முன்னாடியே சொல்கிறேன், பிறகு சண்டைக்கு வராதே. அப்பாவுக்கு இடுப்பில் வைத்த திருகு ஒன்று தளர்ந்துவிட்டது. கால் ஊன்றும்போது வலிக்கிறது. மறுபடி திறந்து வேறு பொருத்த வேண்டுமாம். மே இருபதாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். முதல் தடவையைவிட இது நீளமான ஆபரேஷன், வயசும் ஆகிவிட்டது, அதனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

முதலில் அப்பா. தகவலுக்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன், ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு நான் லேப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன், போகிறவர்கள் எல்லாம் ஒரு டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது, உட்கார்ந்துகொள், ஒரு பெரிய விஷயம் நடந்திருக்கிறது. உன்னால் நடந்தது.

உன் பம்ப் அறிக்கையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் யாருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டும்? "கோடையில் சோதிக்காமல் இது என்ன சோதனை?" என்று உனக்கு எழுத ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது. நான் மட்டும் எப்போது சோதித்தேன்? வருஷக்கணக்காக ஈஸ்டுக்குப் பசி என்றால் என்னவென்றே காட்டவில்லை. சர்க்கரை தீர்வதற்கு முன்னாலேயே தினமும் புதுக் கரைசலுக்கு மாற்றியிருக்கிறேன். எல்லா லேபிலும் அப்படித்தான் செய்வார்கள், அதை நல்ல பழக்கம் என்றே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் வெளியே, ஒரு அழுகின பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ஈஸ்டுக்கு யார் வந்து தினமும் சர்க்கரை ஊற்றுகிறார்கள்?

பட்டினி கிடந்த ஈஸ்ட் எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது ஞாபகம் வந்தது. உன்னோடு சண்டை போட்டுவிட்டு நான் லேபுக்குப் போகாத நாட்கள்! அந்த வாரக் குடுவைகளை யாரும் மாற்றவில்லை. புதன்கிழமை வந்தபோது வெட்கப்பட்டு, கொட்டவும் மனமில்லாமல், அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அவற்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுத் தட்டில் தடவினேன். முழு ஜோடியும் உள்ள ஈஸ்ட் தட்டு நிறைய முளைத்தது. இரண்டாவது இல்லாத ஈஸ்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். அவ்வளவுதான், மற்றதெல்லாம் செத்துவிட்டிருந்தது. தட்டு மாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, முறையாக முதலிலிருந்து பல குடுவைகளில் சில நாள் பட்டினி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு குடுவையிலும் அதேதான்.

இரண்டாவது ஸ்டெப்னி இல்லை அக்கா. சாப்பாடு இருக்கும்போது முதலாவது வேலை செய்கிறது. சாப்பாடு தீர்ந்த பிறகு இரண்டாவது வேலை செய்கிறது. முதலாவதை வெட்டினால் இரண்டாவது உதவிக்கு ஓடி வருகிறது என்று நினைத்தோமே, அதுகூடத் தியாகம் ஒன்றும் இல்லை. எரிபொருள் குறைந்ததும் பஞ்சம் வந்துவிட்டது என்று செல் ஏமாந்து, பஞ்சத்துக்கு உரியதை எழுப்புகிறது.

யார் பிரித்துக் கொடுத்தது என்று கேட்டாய். யாருமே இல்லை, அதுதான் இதில் அழகு. பழைய ஒற்றை ஜீனுக்கு இரண்டு சுவிட்ச் இருந்திருக்க வேண்டும். நல்ல காலத்துக்கு ஒன்று, பஞ்சத்துக்கு ஒன்று. நகல் ஆனபோது இரண்டிடமும் இரண்டு சுவிட்சும் இருந்தன. பிறகு ஒரு நாள் முதலாவதில் பஞ்ச சுவிட்ச் கெட்டுப்போயிற்று. யாருக்கும் தெரியவில்லை, அதுதான் இன்னொன்றிடம் இருக்கிறதே! எப்போதோ இரண்டாவதில் நல்ல கால சுவிட்ச் கெட்டுப்போயிற்று. அதுவும் யாருக்கும் வலிக்கவில்லை. அந்த நாளிலிருந்து இரண்டில் எதையும் கைவிட முடியாது. எதுவும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை, எதுவும் முன்னைவிடச் சமர்த்தாகவும் ஆகவில்லை. இன்னொன்று இருக்கிறது என்கிற தைரியத்தில் ஒவ்வொன்றும் ஒன்றைத் தொலைத்தது, அவ்வளவுதான். என் ஜோடிக்கு இப்படித்தான் ஆயிற்று என்று முழுக்க நிரூபிக்க இன்னும் வேலை இருக்கிறது. ஒட்டகம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இத்தனை நாளா நாம அதுக்கு நல்லா சோறு போட்டே கெடுத்துட்டோம்" என்றார்.

அதனால் உன் அறிக்கையைத் திரும்ப வாங்கு. வெயிலில் ஒரு நாள் ஒற்றைப் பம்பை ஓட்டிப் பார்.

அப்புறம் இன்னொரு கேள்வி. கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். எனக்கும் ஒரு அறிக்கை கொடுத்தாய், "ஒன்றும் இல்லை" என்று. அதை எந்த மாதத்தில் சோதித்தாய்? மாத்திரை, வாடகை, பேங்க் எல்லாம் நல்ல நாளில் நடக்கிற வேலைதானே.

வாலு


மே 2

வாலு,

அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டேன். போன வாரம் அனல் பறந்த ஒரு நாளில் ஒற்றைப் பம்பை மட்டும் ஓட்டினேன். மத்தியானம் வரை அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. சாயங்காலம் எல்லோரும் குழாயைத் திறந்ததும் மேட்டுத் தெருக்களில் வெறும் காற்றுதான் வந்தது. உடனே இரண்டாவதைப் போட்டேன். அதிகாரி, "ஏம்மா, நீங்கதானே வேண்டாம்னு எழுதுனீங்க?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். "குளிர்ல எழுதினேன் சார்" என்றேன். இனி ஓய்வு பெறும் வரை இதைச் சொல்லியே கிண்டல் செய்வார்கள்.

உன் தட்டு நிறைய முளைத்ததற்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர், "சண்டை போட்டதாலதான் கண்டுபுடிச்சாளா? அப்ப நீ அடிக்கடி சண்டை போடு" என்றார்.

இப்போது உன் கடைசிக் கேள்வி. இந்தப் பத்தியை நான்கு காகிதத்தில் எழுதிக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரியில் அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் நன்றாக நடந்துகொண்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டேன், டாக்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்டேன். நர்ஸ்கூட, "உங்கள மாதிரி தைரியமா இருந்தா எங்களுக்கு வேலை ஈஸி" என்றாள். கதவு மூடியது. அதற்குப் பிறகு செய்ய வேலை ஒன்றும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மேலே வந்து தொண்டையில் நின்றது. அழுதால் போய்விடும் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை. முயற்சி செய்தேன் வாலு, ஒரு வேலையைச் செய்வது போல உட்கார்ந்து முயற்சி செய்தேன். வரவில்லை. பிறகு எழுந்து, அந்த மாடியில் இருந்த தீயணைப்பு உருளைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அழுத்தம் சரியாக இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று. ஒன்று தாண்டியிருந்தது. நர்ஸிடம் போய்ப் புகார் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்னைப் பற்றிப் பயம் வந்தது.

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ வராந்தாவில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மூத்தவள் என்ன கல்லு மாதிரி நிக்கிறா பாரு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பிவிட்டேன். எனக்குப் பயம் கிடையாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உன் சுவிட்ச் கதையைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன். பயப்படுகிற வேலையை நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நீ செய்துகொண்டிருந்தாய். உன் முதுகைத் தடவும்போது நான் என் முதுகையும் தடவிக்கொண்டேன் போல. நீ இருந்ததால் எனக்கு அது கெட்டுப்போனது தெரியவே இல்லை.

உனக்குச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், நீ வந்தால் அழுவாய், அப்பாவோடு சேர்த்து உன்னையும் சமாளிக்க வேண்டும் என்று நினைத்தேன். கணக்கு தலைகீழ்.

ஆகவே நீ கேட்ட அந்த ஒன்று. நீ இல்லாததால் நம் வீட்டில் யாரும் அழவில்லை. மூன்று மாதமாகத் தொண்டையில் அது அப்படியே நிற்கிறது. நல்லவேளை, காகிதத்தில் எழுதுகிறேன். போனில் என்றால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

வேலைக்குப் போகாதே என்று சொல்ல நான் யார். ஆனால் இருபதாம் தேதி எனக்குப் பயமாக இருக்கிறது. முடிந்தால் வா.

அக்கா


மே 11

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். அடுத்த அறைக்காரி மறுபடி கதவைத் தட்டினாள்.

பதினெட்டாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. யாரையும் கேட்காமல், விலை குறையட்டும் என்று காத்திருக்காமல், நானே எடுத்தேன். உனக்குப் போன் செய்து "எந்த விமானம் அக்கா?" என்று கேட்காமல் எடுத்த முதல் டிக்கெட் இதுதான் என்று பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது. நீ ஒன்றைத் தொலைத்தாய் என்று எழுதியிருந்தாயே, நான் தொலைத்தது என்ன என்று இப்போது எனக்கும் தெரிகிறது. எதையும் முடிவு செய்ய எனக்குத் தெரியாது. அதை எப்போதும் நீ செய்துகொண்டிருந்தாய்.

அதனால் இன்னொரு முடிவையும் நானே எடுத்தேன். வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொறு, திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படி. நீ ஒன்றைச் சொன்னால் போட மாட்டேன் என்று நான்தான் எழுதினேன். அந்த நிபந்தனையே தப்பு. உபரி என்று நினைத்துக்கொண்டு போயிருந்தால் நான் ஓடிப்போகிறவள். இப்போது நான் வேலைக்குப் போகிறவள், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருகிறவள். என் ஜோடி ஜீன்கள்கூட ஒன்றுக்கொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, வேறு வேறு குரோமோசோமில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று வேண்டியிருக்கிறது, அதற்காக ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை. அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கிற வரை உங்களோடுதான் இருப்பேன், அதற்கு வேலை கொடுத்தவர்களிடம் அவகாசம் கேட்டு வாங்கிவிட்டேன். நானே கேட்டேன், கொடுத்தார்கள்.

தொலைத்த சுவிட்சை ஒரு ஜீனால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. எனக்குத் தெரிந்து, அது அவ்வளவுதான். மனுஷிகளுக்கும் அப்படித்தானா என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. இருபதாம் தேதி நாம் சோதித்துப் பார்ப்போம். கையெழுத்தெல்லாம் நான் போடுகிறேன், டாக்டரிடம் நான் பேசுகிறேன். கண்டிப்பாகச் சொதப்புவேன், தப்பான கேள்வி கேட்பேன், பரவாயில்லை. கதவு மூடியதும் நீ வந்து என் பக்கத்தில் உட்கார். எழுந்து எங்கேயும் போகக் கூடாது. உன் முதுகை நான் தடவிக் கொடுக்கிறேன். நீ அழு.

வாலு